சொந்த ஊர் எது என்று கேட்டால் என்ன சொல்வது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தாத்தா பாட்டி சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள், அப்பா அம்மா நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், நீங்கள் கோத்தகிரியில் பிறந்து கோவையில் ஐடி வேலையில் இருக்கிறீர்கள், வயது 25. ஆபீசில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் கோத்தகிரி என்கிறீர்கள், "பூர்வீகமே அதுதானா?" என்று அடுத்த கேள்வி வருகிறது, அங்கே வாய் கட்டிப்போகிறது. குலதெய்வம் தெரியாது, பூர்வீகம் தெரியாது, "நான் யார் என்றே எனக்குத் தெரியாத மாதிரி இருக்கிறது, இதை எங்கே போய்த் தேடுவது" என்று முடித்திருக்கிறீர்கள்.

நானும் அந்தக் கப்பலில் வந்தவன்தான். 1970இல், ஏழு வயதில். அப்புறம் வாத்தியாராகி, முப்பது வருஷத்துக்கு மேல் நீலகிரிப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தி, ஓய்வும் பெற்றாயிற்று. வாத்தியார் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கேள்வியையே கொஞ்சம் பார்ப்போம். எந்த ஊர் என்று நம்மிடம் கேட்கிறவர்கள் பாதிப்பேர் ஊரையா கேட்கிறார்கள்? ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள், தெருவைச் சொன்னால் எந்தக் கோயில் கும்பிடுவீர்கள் என்பார்கள், சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்கிற இடம் சாதி. அவர்களுடைய அந்தக் கட்டத்தில் உங்களை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவர்கள் விழிப்பதைப் பார்த்து நீங்கள் ஏன் விழிக்க வேண்டும்?

சரி, அதற்காக உங்கள் வலி ஒன்றுமில்லாதது என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் மனிதர்கள்தானே, ஊர் என்ன, பேர் என்ன என்று தத்துவம் பேசுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் முக்கால்வாசிப்பேர் பொங்கலுக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள். ஊர் இருக்கிறவனுக்கு ஊர் தேவையில்லை என்று சொல்வது ரொம்ப சுலபம்.

நமக்கு ஊர் எப்படித் தொலைந்தது என்பதை நீங்கள் தேதியோடு தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாதவரைக்கும் இது ஏதோ உங்கள் மனசில் உள்ள கோளாறு போலவே தோன்றும். 1820களில் கண்டிச் சீமையில் வெள்ளைக்காரன் கோப்பித் தோட்டம் போட்டபோது திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணிமார், அதாவது ஆள் பிடித்து வேலை வாங்குகிற மேஸ்திரிகள், ஆள் சேர்த்துக் கூட்டிப்போனார்கள். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்து அந்தத் தொழிலே விழுந்தது, தேயிலை வந்தது, ஆட்கள் அங்கேயே தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், செத்தார்கள், செத்தவர்களைத் தேயிலைக்குள்ளேயே புதைத்தார்கள். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "இலங்கைத் தமிழர்", "இந்தியத் தமிழர்" என்று முதல் தடவையாகத் தனித்தனிக் கட்டம் போட்டார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடம் பிடித்தது. அதற்கு அடுத்த வருஷமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. உன் அப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்குச் சான்று கொண்டுவா, அது முடியாவிட்டால் உன் தாத்தாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்ததற்குச் சான்று கொண்டுவா என்றது அந்தச் சட்டம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிரசவம் பார்த்த கிழவி எந்தப் பதிவேட்டில் எழுதியிருப்பாள்? 1949இல் ஓட்டும் போயிற்று. அதே வருஷம் இன்னொரு சட்டம் போட்டு, வேண்டுமானால் விண்ணப்பியுங்கள் என்றார்கள். எட்டு லட்சம் பேருக்கும் மேல் விண்ணப்பித்து, சுமார் 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது.

மிச்சப்பேர் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை. அப்படியே பதினைந்து வருஷம் போயிற்று. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, பாக்கி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அதையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் ஆட்டைப் பங்கு வைப்பது போலத்தான். என் அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார், சித்தப்பா சிலோனுக்கு எழுதிப் போட்டார். ஒரே லயக்காம்பராவில் பிறந்த இரண்டு பேர், இரண்டு நாடு.

எங்களை ஏற்றிவந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். கோச்சி என்றால் ரயில். ஏன் அந்தப் பேர் என்று விளக்க வேண்டியதில்லை. தலைமன்னாரில் கப்பல், இந்தப் பக்கம் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். இங்கே அரசாங்கம் நமக்கு வைத்த பேர் "தாயகம் திரும்பியோர்". என் அப்பாயி சிலோனில் பிறந்தவள், அவளுடைய அம்மாவும் அங்கே பிறந்தவள். திரும்புவதற்கு அவள் ஒருநாளும் இங்கிருந்து போனதே கிடையாது!

அங்கே இந்தியாக்காரன், கோபம் வந்தால் கள்ளத்தோணி. இங்கே சிலோன்காரன், கோபம் வந்தால் அகதி. (அகதி என்பது 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு வந்து முகாம்களில் இருப்பவர்களுக்கு அரசாங்கம் வைத்த பேர். நாம் ஒப்பந்தப்படி இந்தியக் குடிமக்களாக வந்தவர்கள். ஆனால் அந்த முகாம்களிலும் நம்மைப் போலவே மலையகத்து, அதாவது இலங்கையின் மலைத் தோட்டப் பகுதி, ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.)

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். "அடையாள நெருக்கடி" என்ற சொல்லை உலகத்துக்குப் பழக்கிவிட்டவர் எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர். 1902இல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது. அம்மா யூதப் பெண், வளர்ப்புத் தகப்பனும் யூதர். பையனோ பொன்னிற முடியும் நீலக்கண்ணுமாக நெட்டையாக வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் யூதன் என்று கேலி, யூதக் கோயிலுக்குப் போனால் இவன் நம்ம ஆளே இல்லை என்று கேலி. எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதா? 1933இல் அமெரிக்கா போனார், 1939இல் குடியுரிமை வாங்கியபோது எரிக்சன் என்று பேரை மாற்றிக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக்! தனக்குத் தானே தகப்பன். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

அவருக்குப் பின்னால் வந்த ஜேம்ஸ் மார்சியா என்பவர் 1966இல் இதை நாலு நிலையாகப் பிரித்தார். நாலையும் இங்கே நடத்தப் போவதில்லை, இரண்டு போதும். ஒரு வகையினர் தேடவே இல்லை, வீட்டில் கொடுத்த விடையை அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள். இன்னொரு வகையினர் விடை கிடைக்காமல் நடுவில் நின்று தேடிக்கொண்டிருப்பவர்கள். ஆபீசில் பட்டென்று ஊர் பேர், குலதெய்வம் பேர் சொல்கிற உங்கள் நண்பர்கள் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டவர்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு அது பத்திரத்தோடு சேர்ந்து வந்தது. 25 வயதில் தேடிக்கொண்டிருப்பது நோய் இல்லை. எனக்கெல்லாம் முப்பது தாண்டித்தான் ஆரம்பித்தது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் பேரை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் பார்த்ததில்லை, அவருடைய தாத்தா சொன்னது. 1996 மே மாதம், பள்ளி லீவில், பெரிய தீர்த்த யாத்திரை போல நினைத்துக்கொண்டு போனேன். டீக்கடையில் விசாரித்து, அங்கே இங்கே சுற்றி, கடைசியில் எங்களுக்குப் பங்காளி முறை வரக்கூடிய ஒரு பெரியவர் வீட்டைக் காட்டினார்கள். மனிதர் நல்லவர். உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் மாறிப்போயிற்று. உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்துக்கொண்டு வந்து, "தம்பி, இது எங்க தாத்தா காலத்துலயே எங்க பேருக்கு மாறிப்போச்சு" என்றார். நான் நிலத்துக்குப் பங்கு கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்! இல்லைங்க, சும்மா பார்க்க வந்தேன் என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். கோயிலைக் காட்டினார். ஒரு வேப்பமரம், ஒரு கல், ஒரு சூலம். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். உடம்பு சிலிர்க்கும், அழுகை வரும் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனவனுக்கு, உண்மையைச் சொன்னால், வெயில்தான் தெரிந்தது. மறுநாள் மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், "என்ன வாத்தியாரே, ஊருக்கா?" என்றார். ஆமாம் என்று டிக்கெட் வாங்கினேன். மூன்றாவது வளைவு தாண்டும்போதுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

ஆகவே, பழைய கிராமத்தைக் கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்களைத் தேடி அங்கே யாரும் காத்துக்கொண்டு இல்லை. நூற்றைம்பது, இருநூறு வருஷம் நடுவில் இருக்கிறது. அந்த வருஷங்களில்தான் நம் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள், அதை ஒரே தாவாகத் தாண்டிப் போய் "உண்மையான" நம்மைத் தேடினால் என்ன கிடைக்கும்?

குலதெய்வம் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். முதலில் போனவர்கள் ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் மரத்தடியில் வைத்துக் கும்பிட்டார்கள். முனியாண்டி, மாடசாமி, மாரியம்மன். சாமிகளும் போன இடத்தில் தொழில் கற்றுக்கொண்டன. தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், எந்திரத்துக்குப் பக்கத்தில் குடியேறிய முனி ரோதை முனி ஆனார், ரோதை என்றால் சக்கரம். செடி வெட்டுகிற கவ்வாத்துக்கு ஒரு கவ்வாத்துச் சாமி. கத்தி பட்டுவிடக் கூடாது, எந்திரத்தில் கை போய்விடக் கூடாது என்ற பயத்துக்குப் பிறந்த சாமிகள் அவை, வேறு எந்த ஊரிலும் கிடையாது. நாங்கள் கப்பலேறும்போது என் அப்பா லயத்துக்கு மேலே இருந்த முனியாண்டி கல்லடியிலிருந்து மறுபடி ஒரு பிடி மண்ணை எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டார். தலைமன்னாரில் பெட்டியைச் சோதித்தவர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த மண் இப்போது எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். "எங்க குலதெய்வம் என்ன" என்று கேட்டால் பாட்டிக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், "லயத்துப் பக்கத்துல எந்தச் சாமிக்குக் கோழி அறுப்பீங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் உங்கள் அப்பா அம்மா ஏன் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். அதற்குப் பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் சொல்லவில்லை. இங்கே வந்து இரண்டாம் வகுப்பில் சேர்த்தார்கள். பிரெட்டைப் பாண் என்றேன், காசைச் சல்லி என்றேன், வகுப்பே சிரித்தது. ஒரே வாரத்தில் அந்த வார்த்தைகளை எல்லாம் விழுங்கிவிட்டேன். அம்மா மட்டும் கடைசிவரை தேத்தண்ணிதான் குடித்தாள், டீ குடிக்கவே இல்லை. அப்புறம் என் மகளுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டார் பூர்வீகம் எது என்று கேட்டார்கள். நான் யோசிக்காமல் "துறையூர்ப் பக்கம்" என்றேன். ஒரே ஒரு நாள் மோர் குடித்த ஊர்! அன்றைக்கு ராத்திரி மகள் கேட்டாள், "நம்ம ஊர் துறையூராப்பா? எனக்கு நீங்க சொன்னதே இல்லையே." முப்பது வருஷம் அடுத்தவர் பிள்ளைகளுக்கு அசோகரையும் அக்பரையும் சொல்லிக்கொடுத்தவன், சொந்தப் பிள்ளைக்கு அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை. உங்கள் வீட்டிலும் அதுவாகத்தான் இருக்கும், ஆகவே அவர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

அங்கே தங்கிவிட்டவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு. சித்தப்பா பிள்ளைகள் தங்களை மலையகத் தமிழர் என்று தலை நிமிர்ந்து சொல்கிறார்கள். 2003இல் வந்த சட்டத்தில் பாக்கி இருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. 2023இல் மலையகம் 200 என்று சொல்லித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும், அன்றைக்குத் தாத்தாமார் காட்டு வழியே நடந்த அதே திசையில், நடந்தே போனார்கள். அரசாங்கம் "இந்தியத் தமிழர்" என்று எழுதிய கட்டத்துக்குப் பதிலாகத் தங்களுக்கு ஒரு பேரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் வந்த நாம் அப்படி ஒரு பேர் வைத்துக்கொள்ளவில்லை. 1968இல் தொடங்கிய டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு குன்னூர், கோத்தகிரி, கூடலூர், சேரம்பாடி, வால்பாறை என்று கொஞ்சப்பேர் போனோம். கொஞ்சப்பேர் கேரளாவில் புனலூர் ரப்பருக்கும், கர்நாடகாவில் சுள்ளியா ரப்பருக்கும் போனார்கள். கொழுந்து எடுத்த கைகளில் வியாபாரக் கடனைக் கொடுத்துச் சமவெளியில் விட்டபோது, அது சரிப்படாமல் மறுபடி மலை ஏறி வந்தவர்கள் நிறைய. இப்படிச் சிதறியவர்களுக்கு ஒரே பேர் எங்கிருந்து வரும்?

இன்னொரு விஷயம். ராத்திரியில் சில நேரம் கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது எப்போதாவது வந்து போனால் பரவாயில்லை, களைப்பிலும் வரும். ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஒட்டாமல் வாரக்கணக்கில் இழுத்தாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, அதற்கு வரலாற்று வாத்தியார் போதாது. 14416க்குப் போன் போடுங்கள், டெலிமானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது. வீட்டில் "ஃபேமிலி கார்டு" என்று ஒன்று இருக்கும், ரேஷன் கார்டு இல்லை, அங்கே இந்தியத் தூதரகத்தில் கொடுத்தது. குடும்பத்தில் யார் யார், என்ன வயது என்று இருக்கும். நைந்துபோயிருக்கும், மடிப்பைப் பிரிக்காமல் முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். தோட்டத்தின் பேரைக் கண்டுபிடிக்கும்போது ஒரு சிக்கல் வரும்: பலகையில் ஒரு இங்கிலீஷ் பேர், ஆட்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பேர். பாட்டி சொல்கிற பேர் எந்த வரைபடத்திலும் இருக்காது. பழைய பெர்குசன் டைரக்டரிகளில் தோட்டங்களின் தமிழ்ப் பேர்களையும் போட்டிருப்பார்கள், அதை வைத்துப் பிடிக்கலாம். அப்புறம் எந்த டிவிஷன், எந்த கங்காணி, எத்தனையாம் நம்பர் மலை. இவ்வளவும் கிடைத்துவிட்டால் செயற்கைக்கோள் படத்தில் உங்கள் லயத்தின் கூரையையே பார்க்கலாம், நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம் என்பது தெரியுமா உங்களுக்கு? முழுநாள் வேலை செய்தால் முழுப்பேர், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்கு எனக்கு அரைப்பேருதான் போட்டான்" என்று அம்மா சொல்வதைக் கேட்டு, அவள் பேரில் பாதியை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று சின்ன வயதில் அழுதிருக்கிறேன்.

பாட்டிக்கு 83 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், காது கேட்கிறது, ஞாபகம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன, இந்த சனிக்கிழமையே கோத்தகிரி பஸ் ஏறிவிடுங்கள். போனை ரெக்கார்டில் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். எடுத்த எடுப்பில் கப்பலைப் பற்றிக் கேட்காதீர்கள், அழுதுவிடுவார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடுவதற்கு, தப்பு அடித்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவீர்கள், ரொட்டிக்குச் சம்பல் எப்படி அரைப்பீர்கள், காமன் கூத்தில் ரதி வேஷம் யார் கட்டுவார் என்று கேளுங்கள். நடுவில் உங்களுக்குப் புரியாத வார்த்தை வந்தால் நிறுத்தி அர்த்தம் கேட்க வேண்டாம். பேசட்டும். அப்புறம் எனக்கு அனுப்புங்கள், அந்த வார்த்தைகளை நான் சொல்லித்தருகிறேன்.